‘கைவலியையும் பொருட்படுத்தாமல்’ என்று எழுத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில், பள்ளிகளுக்கு இடையிலான பேஸ்பால் போட்டி பற்றிய செய்தியைச் சென்ற வாரம் படித்தேன். நம் கொங்கு வட்டாரத்துப் பிள்ளைகள் கிரிக்கெட்டையும் கபடியையும் தாண்டி இப்படியோர் ஆட்டத்தில் கோப்பை வாங்குவதும், அதற்குத் தாங்கள் கால் பக்கம் ஒதுக்கியதும் மகிழ்ச்சி தந்தன. ஆனால், ஒரே நாளில் இரண்டு ஆட்டங்களிலும் பிட்சராக, அதாவது மட்டையாளருக்குப் பந்தெறிபவனாக, நின்ற பதினைந்து வயது மாணவன் ‘கைவலியையும் பொருட்படுத்தாமல் பந்தெறிந்து அணிக்கு வெற்றி தேடித் தந்தான்’ என்ற வரியில் வந்து நின்றுவிட்டேன். ஈரோடு மாவட்டத்துப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையிலும், அதே வரியை ஒரு காலத்தில் மேடையேறிப் பெருமையாகச் சொன்னவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

நான் அப்படிச் சொன்னது என் மாணவன் ஒருவனைப் பற்றி. சென்னிமலைப் பக்கத்து நெசவுக் குடும்பத்துப் பையன் அவன். காலையில் அரையிறுதி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இறுதி ஆட்டம். அவனை விட்டால் எனக்கு வேறு பிட்சர் இல்லை. இல்லை என்பதைவிட, இன்னொருவனை நான் தயார் செய்து வைக்கவில்லை என்பதுதான் உண்மை. இறுதி ஆட்டத்தின் நடுவிலேயே அவன் முழங்கை தோளுக்குக் கீழே இறங்கத் தொடங்கியது. மட்டையாளருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரின் தலைக்கு மேலே பந்துகள் போயின. ஒவ்வோர் எறிக்கும் பிறகு கையை உதறிக்கொண்டான். “வலிக்குதா கண்ணு?” என்று கேட்டேன். “இல்லீங்க சார்” என்றான். அந்தப் பதிலை நம்புவது அன்றைக்கு எனக்கு வசதியாக இருந்தது. கோப்பையை வாங்கிக்கொண்டு வந்த மறுநாள் காலை அவனுடைய அம்மா பள்ளிக்கு வந்து, பையனால் தலை சீவக் கையைத் தூக்க முடியவில்லை, இடது கையால் சோறு தின்கிறான் என்றார். எக்ஸ்ரே எடுத்தபோது, முழங்கையின் உட்புறத்தில் எலும்பின் சிறு துண்டு ஒன்று இழுபட்டு விலகியிருந்தது. இன்றும் அவனுடைய வலது கை முழுதாக நீளாது. பைக்கில் ஆக்ஸிலேட்டரைப் பிடிக்கும்போது தோளைச் சற்று முன்னே சாய்த்துக்கொள்வான்.

பேஸ்பால் பந்து 150 கிராம்கூட இருக்காது, கிரிக்கெட் பந்தைவிட இலேசானது. இதை எறிவதால் கைக்கு என்ன வந்துவிடும் என்று பெற்றோர் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேடு எடையில் இல்லை. கிரிக்கெட்டில் கையை மடக்காமல் சுழற்றிப் பந்து போடுகிறோம். அதனால் வேகப்பந்து வீச்சாளருக்குப் பெரும்பாலும் முதுகெலும்புதான் அடிவாங்குகிறது. பேஸ்பால் பிட்சரோ முழங்கையை மடக்கி, மேல்கையைப் பின்னுக்கு முறுக்கி, ஒரு நொடிக்குள் முன்னே அறைகிறான். தேர்ந்த ஆட்டக்காரரின் தோள் அந்தக் கணத்தில் நொடிக்குச் சுமார் 7,000 பாகை வேகத்தில் சுழல்வதாக அளந்திருக்கிறார்கள். அப்போது முழங்கையின் உட்பக்கம் விரிந்து பிளக்கப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது விரல் அகலம்கூட இல்லாத ஒரு தசைநார், அதாவது எலும்போடு எலும்பை இணைக்கும் நார். இறந்தவர்களின் கைகளில் சோதித்தபோது அந்தத் தசைநார் தனியாகத் தாங்கியது சுமார் 32 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. பிட்சரின் முழங்கையில் ஒவ்வோர் எறியிலும் விழுவது 60க்கும் மேல். மீதியைச் சுற்றியுள்ள தசைகள் பங்கு போட்டுக்கொள்வதால்தான் கை பிழைத்திருக்கிறது. தசைகள் சோர்ந்துவிட்டால் அந்தப் பங்கும் தசைநாரின் தலையில் விழுகிறது. வளரும் பிள்ளைகளுக்குத் தசைநாரைவிட எலும்பு நுனியில் உள்ள வளர்ச்சிப் பகுதி மென்மையானது என்பதால், முதலில் விட்டுக்கொடுப்பது அதுதான். மருத்துவர் இதையெல்லாம் விளக்கியபோது, அந்தப் பையனின் அப்பா ஒரே வாக்கியத்தில் கேட்டார்: “பாவு இழை பிசிறு தட்டித் தட்டி ஒருநாள் விட்டுப் போற மாதிரிங்களா?” அதுவேதான் என்றார் மருத்துவர்.

அமெரிக்காவின் அலபாமாவில் உள்ள விளையாட்டு மருத்துவ ஆய்வு நிறுவனம் ஒன்றைச் சேர்ந்தவர்கள், கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட இளம் பிட்சர்களையும் காயமடையாதவர்களையும் ஒப்பிட்டு 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆண்டுக்கு எட்டு மாதங்களுக்கு மேல் போட்டிகளில் எறிந்தவர்களுக்கு ஆபத்து ஐந்து மடங்கு. ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 80 எறிகளுக்கு மேல் போனவர்களுக்கு நான்கு மடங்கு. கை சோர்ந்த பிறகும் அடிக்கடி எறிந்தவர்களுக்கோ 36 மடங்கு. இந்தக் கடைசி எண்ணைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வளைவுப் பந்து போடுவதால்தான் சிறுவர்களின் கை கெடுகிறது என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். எறிகளின் எண்ணிக்கையும் சோர்வும் அதைவிடப் பெரிய எதிரிகள் என்றே அந்த ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

அடுத்தது வேகம். அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை பேஸ்பால் போட்டியான மேஜர் லீகில் வேகப்பந்தின் சராசரி வேகம் 2008இல் மணிக்கு 91.3 மைல், 2024இல் 94.2 மைல். பிட்சர்களின் காயங்கள் பெருகியது ஏன் என்று ஆராய்ந்து அந்த லீக் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையும் இந்த வேக வெறியையும், ஒவ்வோர் எறியையும் முழு மூச்சோடு எறியும் பழக்கத்தையுமே முதன்மையாகச் சுட்டியது. நம் நாட்டிலிருந்து போன ரிங்கு சிங்கை (கிரிக்கெட் ஆடும் ரிங்கு சிங் அல்ல) நினைத்துக்கொள்ளலாம். ஈட்டி எறிந்துகொண்டிருந்த உத்தரப் பிரதேசத்து இளைஞர், 2008இல் நடந்த ஒரு வேகப்பந்துப் போட்டியில் வென்று, பிட்ஸ்பர்க் பைரட்ஸ் என்ற அமெரிக்க அணியில் ஒப்பந்தமானார். கீழ்நிலை லீகுகளில் நன்றாக ஆடிவந்தவரை முழங்கைக் காயம் நிறுத்தியது. பிறகு மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

“ஆபரேஷன் செய்தால் கை முன்னைவிட வலுவாகிவிடுமாமே சார்?” என்று கைப்பேசியில் எதையோ பார்த்துவிட்டுக் கேட்கும் மாணவர்களும் இருக்கிறார்கள். டாமி ஜான் என்ற பிட்சருக்கு 1974 செப்டம்பரில் மருத்துவர் ஃபிராங்க் ஜோப், மற்றொரு கையிலிருந்து தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) ஒன்றை எடுத்து, அறுந்த தசைநாருக்குப் பதிலாக முழங்கையில் பொருத்தினார். அடுத்த ஆண்டு முழுவதும் ஆடாமல் இருந்த ஜான், 1976இல் திரும்பி வந்து 1989 வரை எறிந்தார். அவருடைய 288 வெற்றிகளில் 164 அதற்குப் பிறகு வந்தவை. அரிய செய்திதான். ஆனால் அந்தச் சிகிச்சை அறுந்ததை ஈடுகட்டுகிறதே தவிர, புதிய வலுவைக் கொண்டுவருவதில்லை. ஓராண்டுக்கு மேல் நீளும் உடற்பயிற்சிச் சிகிச்சைக்கான செலவையும் பொறுமையையும் நம் பக்கத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை எங்கே போய்த் தேடுவான்?

ஜப்பானில் பேஸ்பால் நமக்குக் கிரிக்கெட் போல. அங்கே 2018 கோடைக்காலப் பள்ளிப் போட்டியில் ஒரே மாணவன் 881 பந்துகள் எறிந்தபோது நாடே கொண்டாடியது, கவலைப்பட்டவர்களும் இருந்தார்கள். அடுத்த ஆண்டு ரோகி சசாகி என்ற மாணவன், இவாத்தே மாகாண அரையிறுதியில் 129 பந்துகள் எறிந்திருந்ததால், மறுநாள் இறுதி ஆட்டத்தில் பயிற்சியாளர் அவனை இறக்கவே இல்லை. மணிக்கு 163 கிலோமீட்டர் வேகத்தில் எறியும் பையனை உட்கார வைத்துவிட்டு, 12-2 என்று தோற்றார். பள்ளிக்குத் தொலைபேசியில் வசவு குவிந்தது. அதே சசாகி 2022 ஏப்ரலில் தொழில்முறை ஆட்டமொன்றில் எதிரணியில் ஒருவரைக்கூட, மட்டையாளர் ஓடிச் சேரவேண்டிய முதல் தளத்தைத் தொடவிடாமல் முடித்தார். 2025இல் அவருக்கும் தோளில் தொல்லை வந்து சில மாதங்கள் ஓய்வெடுக்க நேர்ந்தது. ஆகவே ஓய்வு எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. பதினேழு வயதில் கெட்டிருக்கக்கூடிய கையோடு அந்தத் தொழில்முறை ஆட்டம் வரை போயிருக்க முடியுமா என்பதே என் கேள்வி. வாரத்துக்கு 500 எறிகளுக்கு மேல் கூடாது என்று ஜப்பான் உயர்நிலைப் பள்ளிக் கூட்டமைப்பு 2020இல் விதி கொண்டுவந்தது. அமெரிக்காவில் 2014இல் வந்த பரிந்துரைகள் இன்னும் கறாரானவை: 15, 16 வயதினருக்கு ஒரு நாளில் 95 எறிகள்தான் எல்லை, 76ஐத் தொட்டாலே அடுத்து நான்கு நாள் ஓய்வு.

அந்தப் பையனுக்குப் பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன். கையில் வைத்து அழுத்தி எண்ணும் கருவி வாங்கப் பள்ளியில் காசு கேட்டால் கிடைக்காது என்பது தெரியும். ஆகவே ஆட்டத்துக்கு முன் சட்டைப் பையில் 75 புளியங்கொட்டைகளைப் போட்டுக்கொள்வேன். எறி ஒன்றுக்கு ஒரு கொட்டை கால்சட்டைப் பைக்கு மாறும். சட்டைப் பை காலியானால், ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் பிட்சர் மாறுவான். முதல் ஆண்டு இரண்டு ஆட்டங்கள் தோற்றோம். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். மூன்றாம் ஆண்டில் என்னிடம் நான்கு பிட்சர்கள் இருந்தார்கள்.

கொட்டை மிச்சமிருக்கிறது என்பதற்காகவும் எறியவிடக் கூடாது. முழங்கை இறங்குவது, பந்து மேலே போவது, கையை உதறுவது, எறிகளுக்கு இடையே நேரம் கடத்துவது ஆகியவற்றைப் பார்த்தால் உடனே மாற்றிவிட வேண்டும். பையனின் வாய்ச்சொல்லைக் கேட்டுப் பயனில்லை, நம் பிள்ளைகள் சாரிடம் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். பிட்சராக நின்றவனை அதே நாளில் கேட்சராக உட்கார வைப்பதும் தவறு, கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறான். ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்து டோர்னமென்டில் எல்லைக்கோட்டிலிருந்து எறிவதும் அதே கையால்தான். வலி மறைய ஸ்பிரே அடித்து மறுபடி களத்துக்கு அனுப்புவதை அடியோடு நிறுத்த வேண்டும். எறியும் விசையில் பெரும்பகுதி காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் எழுந்து வருவதால், அவற்றை வலுப்படுத்தும் பயிற்சி இல்லாதவனின் கை இரட்டை வேலை பார்க்கிறது. ஆண்டில் நான்கு மாதமாவது, அதிலும் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாக, எறிவதையே விட்டுவிட வேண்டும். நம் ஊர் ஏப்ரல், மே வெயிலை இதற்கு ஒதுக்கிவிடலாம், அதே மாதங்களில் கோடைக்கால முகாம் நடத்தி எறியச் சொல்லாமல் இருந்தால்.

குறுவட்டம், மாவட்டம், மண்டலம் என்று போட்டி நடத்துபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஸ்கோர் தாளில் பிட்சர் பெயருக்கு எதிரே, அன்று எறிந்த பந்துகளின் எண்ணிக்கை, கடைசியாக எறிந்த தேதி என இரண்டு கட்டங்கள் சேர்த்து, அம்பயரிடம் கையொப்பம் வாங்குங்கள். ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வைத்தே தீர வேண்டுமென்றால், முதல் ஆட்டத்தின் பிட்சர் இரண்டாவதில் எறியக் கூடாது என்று அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள். தங்கள் செய்தியாளர்களும் அடுத்த முறை, வென்ற பையன் எத்தனை பந்துகள் எறிந்தான் என்று கேட்டு அந்த எண்ணையும் செய்தியில் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கோபிசெட்டிபாளையம்.