நாட்டார் என்றே எழுது

அட்டன்

அன்புள்ள நண்பா,

மூன்று மாதங்களாகப் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன், பொறுத்துக்கொள். வீட்டில் எல்லாரும் நலம். நீ அனுப்பிய மொழிபெயர்ப்பில் 'பேகன்' (pagan) என்ற ஆங்கிலச் சொல் வரும் இடமெல்லாம் 'அஞ்ஞானி' என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சொல்தான் என் கையைக் கட்டிப்போட்டது.

அதன் வேர் இலத்தீனில் இருக்கிறது. அங்கே 'பாகுஸ்' என்பது நாட்டுப்புறம். 'பாகானுஸ்' அங்கே வாழ்பவன். படைவீரர்கள் படையில் சேராதவனையும் அப்படியே அழைத்தார்கள். 4ஆம் நூற்றாண்டில்தான் அது பழைய தெய்வங்களை விடாதவர்களுக்குக் கிறித்தவர்கள் இட்ட பெயராயிற்று. 5ஆம் நூற்றாண்டுக் கிறித்தவ வரலாற்றாசிரியரான ஒரோசியுஸ் நாட்டுப்புறத்தையே காரணமாகச் சொல்கிறார். ஆயினும் உரோம நகரத்துச் செனட்டர்கள் பலரும் அத்தெய்வங்களையே வணங்கியதால், கிறிஸ்துவின் படையில் சேராதவன் என்பதே மூலப்பொருள் என்று வாதிடுவோரும் உண்டு. பிரெஞ்சில் உழவனைக் குறிக்கும் 'பெய்ஸான்', பேகனைக் குறிக்கும் 'பயேன்' இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை.

வாழும் இடத்தின் பெயர் வசையாவதை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. விடுதியில், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளான நம்மைத் 'தோட்டக்காட்டான்' என்று கூப்பிட்ட முதல் இரவு, நீ சாப்பிடாமல் படுத்துவிட்டாய். அந்த நீயா இதை எழுதினாய்? தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்து வெட்டு தொடங்குமுன் கவ்வாத்துச் சாமிக்குச் சேவல் கொடுத்த உன் அப்பாவும், ரோதை முனியைக் கும்பிடாமல் தொழிற்சாலை இயந்திரத்தில் கைவைக்காத என் மாமாவும் அறிவில்லாதவர்களா? எந்தச் செடியை எந்த உயரத்தில் வெட்டினால் எப்படித் துளிர்க்கும் என்று உன் அப்பாவுக்குத் தெரிந்ததில் பாதி தோட்டத்துத் துரைக்குத் தெரியாது.

ஒரு பாதிரியார் பிற சமயத்தாரைக் கண்டிக்கும் பகுதியில் 'அஞ்ஞானி' இருக்கட்டும். அது பழைய கிறித்தவத் தமிழில் வழங்கிய சொல், அவருடைய கோபமும் அதில் தெரிய வேண்டும். ஆனால் நீ ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதையிலும் அதையே போட்டிருக்கிறாய். வாங்குவதிலும் செலவழிப்பதிலும் ஆற்றலை இழந்து, கடலும் நிலவும் மனத்தைத் தொடாமல் வாழ்வதைவிட, வழக்கொழிந்த நம்பிக்கையில் வளர்ந்த பேகனாகப் பிறந்திருக்கலாமே, கடலிலிருந்து எழும் தெய்வத்தைக் கண்டிருக்கலாமே என்று 1807இல் வெளிவந்த அந்தக் கவிதையில் அவர் ஏங்குகிறார். அறியாமைக்காக யாராவது ஏங்குவார்களா?

என் யோசனை 'நாட்டார்' என்பது. சோழர் கல்வெட்டுகளில் 'நாடு' என்பது பல ஊர்கள் சேர்ந்த நிலப்பகுதி, கிட்டத்தட்ட 'பாகுஸ்', அதற்குரியவர்கள் 'நாட்டார்'. முனியாண்டியையும் மதுரைவீரனையும் இன்று ஆய்வாளர்கள் நாட்டார் தெய்வங்கள் என்றே மரியாதையோடு குறிப்பிடுகிறார்கள். நகரத்துச் செனட்டருக்கு மட்டும் அது பொருந்தாது. அங்கே 'பழஞ்சமயத்தார்' என்று எழுது.

திருத்திய படியைத் தபாலில் அனுப்பாதே. மாசியில் காமன் கூத்துக்கு வரும்போது கையோடு கொண்டு வா. இருவருமாக வரி வரியாகப் பார்ப்போம்.

உன்
பழைய அறைத்தோழன்