முதலில் முள்ளை மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கயாக் எனும் சிறு துடுப்புப் படகில் அமர்ந்து நீர்மட்ட லூர் (செயற்கை இரை) வீசி யெல்லோடெயில் எனும் கடல்மீனைப் பிடிப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். தெற்குக் கலிஃபோர்னியாவில் இந்த மீனின் பின்னாலேயே திரிகிற எங்களுக்கு, இப்படியொரு விஷயத்தைத் தமிழில் அச்சில் பார்த்ததே மகிழ்ச்சி. ஆனால் எந்த லூர், எந்த நிறம் என்பதோடு கட்டுரை நின்றுவிட்டது. யெல்லோடெயிலைக் கடிக்க வைப்பது பெரிய வித்தையல்ல. கடித்த பிறகு வரும் முதல் நிமிடத்தில்தான் மீன் கைவிட்டுப் போகிறது, ஆளுக்கும் அடிபடுகிறது. அந்த நிமிடத்துக்கான ஏற்பாடுகளை லூரை வீசுவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். அவற்றைச் சொல்லாமல் புதியவர்களைக் கடலுக்கு அனுப்பக் கூடாது என்பதால் இதை எழுதுகிறோம்.

கட்டுரையோடு வந்த படத்தில், ஒரு லூரில் மூன்று முள் கொண்ட ட்ரெபிள் கொக்கிகள் இரண்டு தொங்கின. பெரிய படகில் அதனால் தொல்லை குறைவு. மீன் தளத்தில் விழுந்து துள்ளினால் ஆள் பின்வாங்கிக்கொள்ளலாம். கயாக்கில் மீன் விழும் இடமே நம் இரண்டு காலுக்கும் நடுவில்தான். 8 கிலோ யெல்லோடெயில் வாலடிக்கும்போது, ஒரு கொக்கி அதன் வாயிலும் இன்னொரு கொக்கி நம் தொடையிலும் மாட்டிவிட்டால், துள்ளுகிற மீனும் நாமும் ஒரே லூரால் பிணைக்கப்பட்டுவிடுகிறோம். கரை எங்கோ இருக்கும், பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

அதனால் ட்ரெபிள்களைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போடுங்கள். 16 முதல் 18 செ.மீ. நீள ஸ்டிக்பெய்ட்டுக்கு (குச்சி வடிவ லூர்) 5/0 முதல் 7/0 வரை அளவுள்ள முள் பொருந்தும். சாதாரண முள் வேண்டாம். லூருக்கென்றே காது திருப்பி வைத்த முள்ளாக இருக்க வேண்டும். அப்போதுதான் வளையத்தில் மாட்டியதும் முள் லூரின் நீளவாட்டில் தொங்கும். வயிற்று முள்ளும் வால் முள்ளும் ஒன்றையொன்று தொடாத அளவு பாருங்கள். தொட்டால் வீசும்போது இரண்டும் கோத்துக்கொள்ளும். லூர் செத்த கட்டைபோல் வரும். முள்ளின் எதிர்வரியை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். நரம்பை, அதாவது தூண்டில் கயிற்றை, தளரவிடாத வரை அதனால் மீன் போகாது.

இங்கே பலர் தவறுவது எடையில். ட்ரெபிள் கனமானது, ஒற்றை முள் இலேசானது. மாற்றியதும் லூர் அளவுக்கு மேல் மிதக்கும், அலையில் தத்திக்கொண்டு வரும். வாங்கியபோது இருந்த கொக்கிகளோடு ஒரு முறை, புது முட்களோடு ஒரு முறை, ஒரு வாளி கடல்நீரில் மிதக்கவிட்டுப் பாருங்கள். வால் எந்த அளவு தாழ்ந்து நின்றதோ அதே அளவு நிற்க வேண்டும். இல்லையென்றால் தடித்த கம்பி முள்ளுக்கு மாறுங்கள், அல்லது வால் பக்கம் இன்னொரு கனமான வளையம் சேருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் முள் ஏறலாம். சாதாரண இடுக்கி இந்தத் தடித்த முள்ளை வெட்டாது. கைக்கு அடக்கமான போல்ட் கட்டர் ஒன்று லைஃப் ஜாக்கெட் பையிலேயே இருக்கட்டும்; பின்பக்கப் பெட்டிக்குள் இருந்தால் மாட்டிக்கொண்ட நேரத்தில் எட்டாது. முதல் வேலை லூரையும் மீனையும் உடம்பிலிருந்து பிரிப்பது. கண், கழுத்துப் பக்கம் ஏறிய முள்ளை நீங்களே பிடுங்கப் பார்க்காதீர்கள்; வெட்டிவிட்டு அப்படியே கரைக்கு வந்துவிடுங்கள்.

அடுத்தது ராடும் (தூண்டில் கோல்), ரீலிலிருந்து நரம்பு ஓடுவதை இறுக்கிப் பிடிக்கும் டிராக்கும். படகிலிருந்து உலோக லூர் வீசுபவர்கள் 9, 10 அடி ராடு வைத்திருப்பார்கள். உட்கார்ந்த இடத்தில் அது கைக்கு அடங்காது. அதற்காக 6 அடிக்கும் போகக் கூடாது, ஏனென்றால் மீன் கயாக்கின் அடியில் புகுந்து மறுபக்கம் போகும்போது ராடின் நுனி கயாக்கின் முன்முனையைச் சுற்றி வர வேண்டும். 7 முதல் 8 அடி சரியான அளவு. 50 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு) 300 கெஜம், லூருக்கு முன்னால் கட்டும் 60 முதல் 80 பவுண்டு லீடர் நரம்பு ஒன்றரை மீட்டர். நீர்மட்ட லூருக்கு ஃபுளோரோகார்பன் லீடரைவிட சாதாரண நைலான் நல்லது. ஃபுளோரோகார்பன் மூழ்கும் தன்மையுடையது, மிதக்கும் லூரின் மூக்கைக் கீழே இழுக்கும். லீடர் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளாமல் இருப்பது பின்னால் மீனை எட்டிப் பிடிக்கவும் உதவும்.

டிராக்கைக் கையால் இழுத்துப் பார்த்து ஊகிக்காதீர்கள். ராடை வளைத்து வைத்து, நரம்பின் முனையைத் தராசுக் கொக்கியில் மாட்டி இழுங்கள். 50 பவுண்டு நரம்புக்கு சுமார் 6 கிலோவில் டிராக் வழுக்க வேண்டும். நின்றபடி கால் ஊன்றிப் பிடிப்பவர்கள் இதைவிட அதிகம் இறுக்குவார்கள். கயாக்கில் அந்த இறுக்கம் இரண்டு விதமாகப் போகும். நரம்பு கயாக்கின் முன்முனைப் பக்கம் இருந்தால் மீன் கயாக்கை இழுத்துக்கொண்டு போகும். அது நமக்குச் சாதகம், கயாக்கையே இழுத்துத்தான் மீன் களைக்கிறது. நரம்பு பக்கவாட்டில் இருந்தால் அதே இறுக்கம் கயாக்கைக் கவிழ்க்கும். முனையிலிருந்து இரு பக்கமும் 45 டிகிரிக்குள் நரம்பு இருக்கும்போது மட்டும் ரீலில் நரம்பு சுற்றிய ஸ்பூலில் கை வைத்து இறுக்கலாம். பக்கவாட்டில் ஒருபோதும் கூடாது. மீன் அடிக்குப் பாய்ந்தால் ராடைத் தூக்கிப் பிடிக்காமல் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, முனையைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். கயாக்கின் விளிம்பில் பிரெய்டு உரசினால் அறுந்துவிடும், ராடு அழுந்தினால் உடைந்துவிடும்.

இதனால்தான் வீசும்போதே கயாக் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது லூரைவிட முக்கியம் என்கிறோம். கெல்ப் எனும் பெருங்கடற்பாசிக் காட்டின் ஓரத்தில் வீசுகிறவர்கள் வழக்கமாக முனையைப் பாசியை நோக்கி வைத்து நேராக வீசுவார்கள். வசதிதான், ஆனால் கடித்த மீன் பாயும் திசையும் அதுவே. கயாக் தானாகப் பாசிக்குள் ஓடிவிடும். பாசி ஓரத்துக்கு இணையாகக் கயாக்கை வைத்து, முன்பக்கம் சாய்வாக வீசுங்கள். மீன் மாட்டியதும் முனையைத் திறந்த கடல் பக்கம் திருப்பி, பெடல் இருந்தால் மிதித்துக்கொண்டே வெளியே இழுங்கள். முதல் 10 நொடியில் ரீல் சுற்றுவதைவிடக் கயாக் நகர்வதுதான் மீனைப் பாசியிலிருந்து பிரிக்கும்.

மீன் பாசிக்குள் போய்விட்டால் அங்கேயே நின்று இழுத்துப் பயனில்லை. நரம்பைத் தளரவிடாமல் சுற்றிக்கொண்டே, நேர் மேலே போய்விடுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் தண்டுகள் கட்டாகச் சேர்ந்து இறுகும். செங்குத்தாக இழுத்தால் பிரெய்டு ஒவ்வொரு தண்டாக அறுத்துக்கொண்டு வரும். அவ்வளவு நெருக்கமாகப் பாசியின் தலைக்கு மேல் போய் நிற்பது பெரிய படகுக்கு இயலாத காரியம்.

இனி வீச்சு. மேலே கொதிக்கும் மீன் கூட்டத்தைக் கண்டதும் துடுப்பு போட்டு நடுவில் புகுவது எல்லாவற்றையும் கெடுக்கும். கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை ஆலாப் பறவைகள் காட்டிக்கொடுக்கும். அவை பறந்துகொண்டே குத்திக் குத்தி இறங்கும் திசையில் முந்திப் போய், காற்று வரும் பக்கத்தில், 40 மீட்டர் தள்ளி நில்லுங்கள். துடுப்பை மடியில் வையுங்கள். லூர் கூட்டத்தின் நடுவில் விழக் கூடாது, முன்னால் விழட்டும். வீசுவதற்கு முன் பின்னால் ஒரு பார்வை. முதுகுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் ராடுகளும் கொடிக்கம்பும்தான் பல வீச்சுகளைப் பிடித்துவிடுகின்றன. லூர் வீசும் நாளில் மற்ற ராடுகளைப் படுக்க வையுங்கள்.

ஸ்டிக்பெய்ட் என்றால் நுனியைத் தண்ணீர் ஓரத்துக்குத் தாழ்த்தி, ஒரு முழம் பக்கவாட்டில் இழுத்து, தளர்ந்த நரம்பைச் சுற்றி, ஒரு நொடி நிறுத்தம். இந்த ஊரின் பழைய ஆயுதமான சர்ஃபேஸ் அயர்ன், அதாவது டேடி 45, சாலஸ் 7எக்ஸ் போன்ற இலேசான உலோக லூர், வேறு மாதிரி. நிறுத்தமே கிடையாது; ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் மூழ்கிவிடும், வேகம் மிஞ்சினால் பம்பரமாகச் சுழன்று நரம்பை முறுக்கும். சரியான வேகத்தில் இடமும் வலமும் உதைத்துக்கொண்டு வருவது ராடின் நுனியில் துடிப்பாகத் தெரியும். ஒவ்வொரு அயர்னுக்கும் அந்த வேகம் வேறு. முதலில் கயாக் பக்கத்திலேயே இழுத்துப் பாருங்கள். இன்னொன்று: நாம் தண்ணீரை ஒட்டி உட்கார்ந்திருப்பதால், படகில் நிற்பவரின் அதே வேகத்தில் சுற்றினால் நம் அயர்ன் இன்னும் ஆழத்தில் ஓடும். நுனியை உயர்த்தி, சற்று வேகமாகச் சுற்ற வேண்டும்.

தண்ணீர் சிதறியதும் வெட்டி இழுப்பவர்கள் பாதி மீனை அப்போதே இழக்கிறார்கள். யெல்லோடெயில் முதலில் இடித்தும் வாலால் அடித்தும் பார்க்கும். பாரம் கையில் ஏறும் வரை இழுப்பை மாற்றாதீர்கள். தவறிய மீன் திரும்ப வரும். பக்கத்தில் இன்னும் நாலு வரும்.

மீன் களைத்து அடியில் வட்டமிடும்போது ராடைச் செங்குத்தாக நிமிர்த்தாதீர்கள், அங்கேதான் ராடு உடைகிறது. குட்டை குட்டையாக ஏற்றி இறக்கிச் சுற்றுங்கள். வலப்பக்கம் மீனைத் தூக்கும்போது இடது காலை இடப்பக்கத் தண்ணீரில் விடுங்கள், எடை சமன்படும். கையுறையோடு வாலடியைப் பிடித்தால் நன்றாகப் பிடி கிடைக்கும். தலையில் தட்டி அடக்கிய பிறகே முள்ளைக் கழற்றுங்கள். செவுளை வெட்டி இரத்தம் வடிப்பதை இன்சுலேட்டட் பைக்குள்ளேயே செய்யுங்கள், தண்ணீரில் தொங்கவிட வேண்டாம். சான் டியேகோவின் லா ஹொயா கரைப் பக்கம் கடற்சிங்கங்கள் ஆட்களுக்குப் பழகிப்போனவை. தொங்கும் மீனோடு கையையும் சேர்த்து இழுக்கத் தயங்காது. பையில் பனிக்கட்டியோடு கொஞ்சம் கடல்நீர் சேர்த்தால் வெறும் பனிக்கட்டியைவிடச் சீக்கிரம் குளிரும்.

லா ஹொயாவைச் சொன்னதால் சட்டத்தையும் சொல்ல வேண்டும். கடலடிப் பள்ளத்தாக்கு கரையை அவ்வளவு ஒட்டி வருவதால்தான் அங்கே கயாக்கிலேயே இந்த மீனை எட்ட முடிகிறது. ஆனால் கயாக் இறக்கும் கரையை ஒட்டியே 'மட்லாவாயில்' எனும் கடல் காப்பகம் இருக்கிறது. அதைக் கடந்து போகலாம், மீன்பிடிக்கக் கூடாது. கடக்கும்போது எந்த நரம்பும் தண்ணீரில் இருக்கக் கூடாது. போகிற வழியில் லூரை இழுத்துக்கொண்டு போகும் பழக்கம் இங்கே குற்றம். எல்லையை ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டு, தாண்டிய பிறகு முதல் வீச்சைப் போடுங்கள். 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு உரிமம் கட்டாயம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 10 யெல்லோடெயில்; அவற்றில் 5-க்கு மேல், வால் பிளவு வரை அளந்து 24 அங்குலத்துக்குக் குறைவாக இருக்கக் கூடாது. 10 என்பது உச்சவரம்பு. ஒரு கயாக்கின் பையில் குளிர்ச்சியாகக் கொண்டுவரக்கூடியது இரண்டு, மூன்றுதான். அதற்கு மேல் பிடித்தால் வெயிலில் கெடும்.

லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், இருக்கைக்குப் பின்னால் அல்ல. விஎச்எஃப் ரேடியோவும் அப்படியே. கவிழ்ந்தால் கயாக் காற்றோடு போகும், அதில் கட்டிய ரேடியோவும் போகும். அவசர அழைப்புக்கு சேனல் 16. பிற்பகல் கடற்காற்று ஏறுவதற்குள் கரை திரும்பப் பாருங்கள்.

அடுத்து இதே பொருளில் எழுதச் சொன்னால், அலை உடையும் கரையில் மீன் ஏற்றிய கயாக்கைக் கரையேற்றுவதைப் பற்றித் தனியாக எழுதச் சொல்லுங்கள். பெடலை மேலே எடுத்துவிடுவது, சுக்கானைத் தூக்குவது, ஒவ்வொரு லூரையும் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிட்டே அலைக்குள் நுழைவது, அலை கடந்த பிறகு அதன் முதுகில் வருவது என்று அதற்கே ஒரு முழுப் பக்கம் தேவைப்படும்.

இப்படிக்கு,
கயாக் மீன்பிடி நண்பர்கள் சிலர்,
சான் டியேகோ