புள்ளிகளால் பதிவு செய்த சிங்கப்பூர் ஓட்டல் அறைக்குத் தனியாக வசூலிக்கப்பட்ட வரி குறித்த புகார்

அனுப்புநர்:
கடன் அட்டை வாடிக்கையாளர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர்,
கடன் அட்டைப் பிரிவு.

பொருள்: உங்கள் பயண இணையத்தளத்தில் காட்டப்படாத கட்டணத்தைத் திரும்பக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

மண்டபத்தில் வலை, கயிறு, மிதவை விற்கும் கடை நடத்தி வருகிறேன். சரக்குக் கொள்முதலுக்கு உங்கள் கடன் அட்டையையே பயன்படுத்தியதால் சேர்ந்த ரிவார்டு புள்ளிகளை, சிங்கப்பூரில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் பெற்றோரை அழைத்துச் செல்வதற்கென்றே செலவிடாமல் வைத்திருந்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாங்கள் கடையை விட்டு வெளியூர் போக முடிவது அந்த நாட்களில்தான்.

செராங்கூன் சாலை அருகே ஓர் அறையை உங்கள் பயணத் தளத்தில் பதிவு செய்தேன். முழுத் தொகையும் புள்ளிகளால் செலுத்தப்பட்டது என்றே உறுதிச்சீட்டில் இருந்தது. ஆனால் ஓட்டலில் சாவியைத் தருமுன் சேவைக் கட்டணமும் ஜிஎஸ்டியும் பாக்கி இருப்பதாகச் சொன்னார்கள். வயதான பெற்றோர் பயணக் களைப்போடு நின்றிருந்த நிலையில், அதே அட்டையில் பணம் கட்டுவதைத் தவிர எனக்கு வேறு வழியிருக்கவில்லை. அதற்கு அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள்.

இது சிறிய தொகை அல்ல. அங்குள்ள ஓட்டல்கள் வழக்கமாக 10 சதவீத சேவைக் கட்டணத்தைச் சேர்த்து, அந்தக் கூட்டுத்தொகையின் மீது 2024 ஜனவரி முதல் நடப்பில் உள்ள 9 சதவீத ஜிஎஸ்டியைக் கணக்கிடுகின்றன. எனவே 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று காட்டப்படும் அறை 330 ஆகி, 359 வெள்ளி 70 காசில் வந்து முடிகிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்.

வரியை நான் ஆட்சேபிக்கவில்லை. அது அந்நாட்டுச் சட்டம். பதிவு செய்யும் திரையில் அது மறைக்கப்பட்டதையே ஆட்சேபிக்கிறேன். வரி உட்பட விலை காட்டிய வேறொரு ஓட்டலை, உங்கள் தளத்தின் விலை குறைவாகத் தெரிந்ததால்தான் விட்டுவிட்டேன். என் கணக்கில் புள்ளிகள் மீதமிருந்தன. முன்பே தெரிந்திருந்தால் வரிக்கும் அவற்றையே கொடுத்திருப்பேன். கயிற்றுக்கு ஒரு விலை சொல்லிவிட்டு, கட்டிக் கொடுத்தபின் கூடுதலாகக் கேட்டால் எந்தப் படகுக்காரரும் மறுபடி என் கடைக்கு வரமாட்டார்.

உங்கள் சேவை மையத்தில் ஓட்டலைக் கேட்கச் சொன்னார்கள். ஓட்டலிலோ, பதிவு செய்த தளத்தைக் கேட்கச் சொன்னார்கள். புள்ளிகளைப் பெற்றுக்கொண்டு உறுதிச்சீட்டு வழங்கியது நீங்கள் என்பதால் பொறுப்பும் உங்களுடையதே.

ஆகவே, ஓட்டலில் நான் செலுத்திய தொகையையும் அதன் மீதான அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் என் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்றும், வெளிநாட்டு அறைகளுக்கு வரி உள்ளிட்ட முழு விலையைப் புள்ளிகளைக் கழிப்பதற்கு முன்பே திரையில் காட்ட வேண்டும் என்றும் கோருகிறேன். 30 நாட்களுக்குள் உரிய பதில் கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடுவேன். உறுதிச்சீட்டு, ஓட்டல் ரசீது, அட்டைக் கணக்கு அறிக்கை ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இங்ஙனம்,
தங்கள் வாடிக்கையாளர்,
மண்டபம்.