பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடுங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோவை சரவணம்பட்டியில் 9 வருடமாகப் பெண்கள் விடுதி நடத்துகிறேன். 22 பிள்ளைகள். பாதிப்பேர் ஐ.டி. வேலை, மற்றவர்கள் கல்லூரி. ஐப்பசி மழை கொஞ்சம் விட்டதும், காலையில் யார் யார் எழுந்தாயிற்று என்று தும்மல் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். முதலில் என் சமையலறை மிளகாய் நெடி மேல்தான் பழி விழுந்தது.

போன வருடம் அரியலூர்ப் பெண் ஒருத்தி அலர்ஜி டாக்டரிடம் போனாள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, முன்கையில் வரிசையாக ஒவ்வொரு மருந்துச் சொட்டாக வைத்து, லேசாகக் குத்தி, கால் மணி நேரம் கழித்துப் பார்த்தார்களாம். பார்த்தீனியம் என்ற களைச்செடியின் சொட்டு வைத்த இடம் கொசு கடித்தாற்போல் தடித்துவிட்டது. அந்தச் சோதனைக்குச் சில நாள் முன்பே தும்மல் மாத்திரையை நிறுத்த வேண்டும். அந்த நாட்களில் அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். மாத்திரை போட்டாலோ ஆபீசில் தூக்கம்.

அந்தச் செடியைத் தேடிப் போக வேண்டியதில்லை. எங்கள் மொட்டை மாடியைச் சுற்றி வீடு கட்டாத சைட்டுகள் முழுக்க அதுதான். கேரட் மாதிரி இலை, பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. அமெரிக்கக் கண்டத்துச் செடி; இங்கே 1950-களில் புனே பக்கம் கண்டு சொன்னார்களாம். முளைத்த ஒன்றிரண்டு மாதத்தில் பூத்து, ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும்.

பக்கத்து சைட்காரர் வருடாவருடம் ஆள் அனுப்புகிறார், குறை சொல்லக்கூடாது. ஆனால் அனுப்புவது கார்த்திகையில், காடாகப் பூத்து நிற்கும்போது. செடி வெட்டும் மெஷின் ஓடினால் பூவின் தூள் மொத்தமும் கொடியில் காயும் துப்பட்டாவில் படிகிறது. அடித்தண்டு மண்ணிலேயே நிற்பதால் மறுபடி தழைக்கிறது. அள்ளிப் போட வந்த அம்மாவுக்குக் கையுறைகூட இல்லை. முழங்கை வரை அரிப்பு.

மழை பெய்த மூன்று வாரத்துக்குள், மண் ஈரமாக இருக்கும்போதே, கையுறை போட்டு வேரோடு பிடுங்கினால் வேலையும் சுலபம். காலிமனை வரி ரசீதிலேயே இந்த ஒரு வாக்கியத்தை அச்சிட்டுக் கொடுக்கலாம். சைட்டில் உரிமையாளர் போன் நம்பர் எழுதி வைப்பதையும் கட்டாயமாக்க வேண்டும். எதிர் சைட்டை நானே ஆள் வைத்துப் பிடுங்கத் தயார். யாரைக் கேட்டு உள்ளே இறங்குவது என்றுதான் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சரவணம்பட்டி, கோவை.