நைல் கரையில் நம் முருங்கை

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். மழைக்குக் கிணறு கலங்கிப்போய், தண்ணீரைத் தெளிய வைக்கத் தேற்றான்கொட்டை தேடி அலைந்ததாக எழுதியிருந்தாயே, எனக்கு உடனே சூடான் ஞாபகம் வந்துவிட்டது.

அவர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த நான்கு வருடமும் நீல நைல் கரையில்தானே இருந்தோம். ஜூலை பிறந்தால் எத்தியோப்பிய மலை மழை வண்டலை வாரிக்கொண்டு வரும். ஆறு காபி நிறத்தில் ஓடும். பக்கத்து வீட்டு ஹாஜ்ஜா (வயதான பெண்களை அங்கே அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்) முற்றிக் காய்ந்த முருங்கை விதையை உரித்து இடிப்பார். கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, பால்போன்ற அந்தக் கரைசலை ஆற்றுத் தண்ணீர்க் குடத்தில் ஊற்றி முதலில் வேகமாக, அப்புறம் மெள்ள மெள்ளக் கலக்குவார். இரண்டு மணி நேரத்தில் சேறு அடியில் தங்கிவிடும். நம் முருங்கைதான்டி! அங்கே அதற்கு ரவ்வாக் மரம் என்று பேர். ரவ்வாக் என்றால் தெளிய வைப்பது. முருங்கை விதைக்கு முன்பே ஆற்றங்கரைக் களிமண்ணைக் கரைத்துத் தெளிய வைக்கும் பழக்கமும் இருந்திருக்கிறது.

விதையிலுள்ள புரதம் சேற்றுத் துகள்களைத் திரட்டி இழுத்துக்கொண்டு போகிறது. கிருமிகளில் பெரும்பகுதியும் கூடவே இறங்கிவிடும், ஆனால் முழுக்கப் போகாது. விதையின் சத்து தண்ணீரில் தங்குவதால், நாள்பட வைத்தால் மிச்சக் கிருமி மறுபடி பெருகும். இது தெரியாமல் மூன்று நாள் வைத்திருந்த தண்ணீரைக் குடித்து நான் ஒரு வாரம் படுத்துவிட்டேன். கொதிக்க வைக்கச் சொன்னால், தெளிந்த தண்ணீருக்கு எதற்கு நெருப்பு என்பார் ஹாஜ்ஜா. விறகுக்கு அவர் நடந்த தூரத்தைப் பார்த்தபின் நான் வற்புறுத்தவில்லை. தொழுகைக்கு முன் தினம் ஐந்து வேளை கை, வாய், முகம், கால் கழுவுகிறவர் அவர். அந்த ஊர்க்காரர்களுக்குச் சுத்தம் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அவர்களுக்கு இல்லாதது குழாயும் குளோரினும்தான்.

2023 ஏப்ரலில் அங்கே போர் மூண்டது. 2024 ஆகஸ்டில் காலரா பரவுவதாக அரசே அறிவித்தது. ஹாஜ்ஜா வீட்டு எண்ணுக்கு இப்போதும் மாதம் ஒருமுறை அடித்துப் பார்க்கிறேன். மணி போவதேயில்லை.

கொல்லை முருங்கையில் நெற்று காய்ந்து தொங்குகிறது. அடுத்த வாரம் விதை எடுத்து அனுப்புகிறேன். தெளிந்தபின் கட்டாயம் கொதிக்க வைத்தே பேத்திக்குக் கொடு.

உன்,
மீனா