கையுறையில் குறியீடு எங்கே?

ஆசிரியர் அவர்கட்கு,

கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து ஹார்ட்வெயார் கடைகளில் "வெட்டுப்படாது" என்று சொல்லித் தரும் கையுறைகளைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். நான் பார்த்தவற்றில் பலவற்றில் ஒரு குறியீடும் இல்லை. ஐரோப்பியத் தரமான ஈ.என். 388 பெற்ற கையுறையில் சுத்தியல் படமும் அதன் கீழே நான்கு இலக்கங்களும் இருக்கும்: உராய்வு, வெட்டு, கிழிசல், குத்து என்ற வரிசையில். பின்னால் வரும் ஏ முதல் எஃப் வரையான எழுத்தும் வெட்டைத் தாங்கும் அளவைத்தான் சொல்கிறது. எஃப் தான் உச்சம். எக்ஸ் என்றிருந்தால் அந்தச் சோதனை செய்யப்படவில்லை.

வயலுக்கு மருந்தடிப்பவர்கள் நூல் கையுறை போடுவதுதான் எனக்குப் பெரிய பயம். அது மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டிவைத்திருக்கும். வெறுங்கையாவது உடனே கழுவப்படும். மருந்தடிக்க வேண்டியது ஈ.என். 374 என்ற இலக்கமும் குடுவைப் படமும் உள்ள, இரசாயனம் ஊடுருவாத கையுறை. துளையிடும் இயந்திரத்துக்கு முன்னால் எந்தக் கையுறையும் ஆகாது, சுழலும்போது கையோடு சேர்த்து இழுத்துவிடும்.

வெளிநாட்டுக்குக் கையுறை செய்து அனுப்பும் நாடு நம்முடையது. உள்ளூரில் விற்பதற்கும் தரக் குறியீட்டையும் தமிழ், சிங்கள விளக்கத்தையும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை கட்டாயமாக்க வேண்டும்.

வாசகர் ஒருவர்,
அக்கரைப்பற்று.