ஒரு தாள் நிறைய ஆர்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, படுத்துக் கிடந்தேன். நீர்க்கடுப்பு. "அதுக்கா மூணு வாரம்?" என்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் நாள் ராத்திரி பத்து தடவையாவது எழுந்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் நாலு சொட்டு, உயிர் போகிற எரிச்சல். விடிந்ததும் நான் செய்த காரியத்தைச் சொன்னால் திட்டுவாய். எப்போதோ மிச்சம் பிடித்து வைத்திருந்த சிப்ரோஃப்ளாக்சசின் என்கிற ஆன்டிபயாட்டிக் நாலு மாத்திரை அலமாரியில் கிடந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டேன். இருபத்தெட்டு வருஷம் லேபில் கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் தட்டு பார்த்தவள்! "மாத்திரை போட்டுட்டுத்தான் சாம்பிள் கொண்டுவந்தேன்" என்று யாராவது சொன்னால் முகத்தைச் சுளித்தவளும் இவளேதான்.

ஐந்தாம் நாள் குளிர் காய்ச்சலும் விலாவுக்குக் கீழே வலியும் வந்த பிறகுதான் டாக்டரிடம் போனேன். கல்ச்சர் கொடுத்தேன், இரண்டு நாளில் ரிப்போர்ட். ஈ. கோலை என்கிற கிருமி, ஒரு மில்லி சிறுநீருக்கு ஒரு லட்சத்துக்கு மேல். அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, சிறுநீர்த் தொற்றில் முக்கால்வாசி அதன் வேலைதான். கீழே மருந்துப் பட்டியலைப் பார்த்தேன். கிருமிக்கு மருந்து கேட்காது என்றால் 'ரெசிஸ்டன்ட்', சுருக்கமாக 'ஆர்' என்று போடுவோம். ஆம்பிசிலின் ஆர், செஃபிக்சிம் ஆர், செஃப்ட்ரியாக்சோன் ஆர், கோட்ரைமாக்சசோல் ஆர், நான் விழுங்கிய சிப்ரோவும் ஆர். எத்தனை பேருக்கு இந்த 'ஆர்' எழுதிக் கொடுத்திருப்பேன்! என் பெயர் போட்ட தாளில் பார்க்கும்போது அது வேறு எழுத்து மாதிரி இருந்தது.

நீ ஒரு தடவை லேபுக்கு வந்தபோது தட்டைக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? வெளிர் மஞ்சள் அகார் ஜெல்லி முழுக்கக் கிருமியைப் பூசி, மருந்து தோய்த்த ஆறு மில்லிமீட்டர் காகித வட்டுகளை மேலே வைப்போம். மறுநாள் பார்த்தால், கேட்கிற மருந்தைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவாக ஒரு வளையம் நிற்கும். அதை ஸ்கேலால் அளப்போம். கேட்காத மருந்தின் வட்டு விளிம்பு வரைக்கும் கிருமி முட்டிக்கொண்டு வளர்ந்திருக்கும். என் தட்டில் பெரும்பாலும் இப்படித்தான் இருந்திருக்கும்.

ரிப்போர்ட்டின் அடியில் 'இஎஸ்பிஎல் பாசிட்டிவ்' என்றும் இருந்தது. பெனிசிலின் வகையையும் செஃப்ட்ரியாக்சோன் போன்றவற்றையும் வெட்டிப் போடுகிற நொதி அது. 1983-ல் ஜெர்மனியில்தான் முதலில் விவரித்தார்கள். அதற்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்கிற சின்ன வளையத்தில் இருக்கும். ஒரு கிருமி அதைப் பக்கத்துக் கிருமிக்குப் பிரதி எடுத்துக் கொடுத்துவிடும். பக்கத்தில் இருப்பது வேறு இனமானாலும் கொடுக்கும். ஒரே பிளாஸ்மிட்டில் நாலைந்து மருந்துக்கான எதிர்ப்பு சேர்ந்து போவதும் உண்டு. அதனால் நான் ஒரு நாளும் சாப்பிடாத மருந்துக்குக்கூட என் கிருமி பழகியிருந்தது.

படுத்திருந்தபோது இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இந்த ஈ. கோலை வெளியிலிருந்து வந்ததில்லை, என் குடலிலேயே குடியிருந்தது. ஜலதோஷத்துக்கும் தொண்டை வலிக்கும் நான் விழுங்கிய ஒவ்வொரு மாத்திரையும் குடலுக்கும் போனது. சாகிறது செத்தது, தாங்குகிறது பெருகியது. தோதான இடத்தில் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டாகப் பிரியும் ஜந்து அது. அங்கிருந்து மூத்திரப்பைக்கு வர பெண்களுக்கு நாலு சென்டிமீட்டர் வழிதான்.

வேடிக்கை என்னவென்றால், நைட்ரோஃபுரன்டாயின் என்கிற மருந்துக்கு நேரே 'எஸ்' இருந்தது, அதாவது கேட்கும். 1950-களின் மாத்திரை, இன்னும் பெரும்பாலும் வேலை செய்கிறது. கிருமிக்குள் ஒரே நேரத்தில் பல இடத்தில் அடிப்பதால் அதற்கு எதிர்ப்பு வளர்வது கஷ்டம். ஆனால் அது மூத்திரத்தில்தான் சேரும், சிறுநீரகத் திசுவில் போதுமான அளவு ஏறாது. தொற்று மேலே ஏறிவிட்டதால் எனக்கு அது உதவவில்லை. முதல் நாளே சாம்பிள் கொடுத்திருந்தால் ஐந்து நாள் மாத்திரையோடு முடிந்திருக்கலாம். இப்போது நரம்பில் ஊசி போட்டுத்தான் எழுந்தேன்.

சரி, உன் மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, அடிவயிற்று வலியும் இல்லை, ஆனால் கல்ச்சரில் கிருமி வந்திருக்கிறது, ஆன்டிபயாட்டிக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரிந்தவரை வேண்டாம். வயதான பெண்கள் பலருக்குச் சிறுநீரில் கிருமி சும்மா இருக்கும், தொந்தரவு செய்யாது. மூத்திரம் போக டியூப் ரொம்ப நாள் போட்டவர்களுக்குக் கிட்டத்தட்ட எல்லோருக்குமே இருக்கும். கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் சில ஆபரேஷனுக்கு முன்பும் மருந்து கொடுப்பார்கள். மற்றபடி கொடுத்தால் நன்மை ஒன்றுமில்லை, குடலில் 'ஆர்' வளர்ப்பதுதான் மிச்சம். கலங்கலாக இருக்கிறது, நாற்றம் அடிக்கிறது என்பதெல்லாம் காரணம் ஆகாது. காய்ச்சலோ நடுக்கமோ முதுகுவலியோ வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் டாக்டரிடம் போ, முதல் மாத்திரைக்கு முன்னால் சாம்பிளைக் கொடு. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். தாளில் எழுதியிருந்தால் ஏதாவது செய்தாக வேண்டும் என்றுதான் கை பரபரக்கும்.

உனக்கும் இது அடிக்கடி வருகிறது என்றாயே, தண்ணீர் கூடக் குடி. 2018-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், குறைவாகத் தண்ணீர் குடிக்கும் 140 பெண்களில் பாதிப்பேர் தினம் ஒன்றரை லிட்டர் அதிகமாகக் குடித்தார்கள். ஒரு வருஷத்தில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 தடவைதான் வந்தது, மற்றவர்களுக்கு 3.2. அவர்கள் மாதவிடாய் நிற்காதவர்கள். நம் வயதுக்கு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் உதவும் என்கிறார்கள், டாக்டரிடம் கேட்டுப் பார். வெட்கப்படாதேடி.

அடுத்த வாரம் நான் டாக்டரைப் பார்க்க வேண்டும். "தொந்தரவு இல்லையே, மறுபடி கல்ச்சர் வேண்டாம்" என்று இப்போதே சொல்லிவிட்டார். சரிதான். ஆனாலும் ஒரே ஒரு தடவை தட்டைப் பார்த்துவிட மனசு அடித்துக்கொள்கிறது.

உன்,
மீனா